முன்பல்லின் அடியில் தங்க நிறம் எதற்கு?

கல்முனையிலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: "மோட்டார் சைக்கிள் விபத்தில் மகளின் மேல் முன்பல் ஒன்று போய்விட்டது. எலும்பில் டைட்டேனியம் இம்ப்ளாண்ட், அதாவது செயற்கை வேர், வைத்தாயிற்று, இனி மேலே கிரவுண் என்ற செயற்கைப் பல் போட வேண்டும். இரண்டையும் இணைக்க இடையில் வரும் துண்டான அபட்மெண்டைத் தங்க நிறத்திலும் எடுக்கலாம், சேர்கோனியா என்ற வெள்ளைப் பீங்கானிலும் எடுக்கலாம் என்கிறார் பல் வைத்தியர். அது உண்மையான தங்கமா? எதை எடுப்பது?"

தங்கம் இல்லை. பெரும்பாலும் அது டைட்டேனியம் நைட்ரைட் என்ற பீங்கான் வகைப் பூச்சு. ஹார்ட்வெயார் கடையில் மஞ்சளாய் மினுங்கும் ட்ரில் பிட்டில் இருப்பதும் அதுதான். நீல ஒளியை விழுங்கி, மஞ்சளையும் சிவப்பையும் திருப்பியனுப்புவதால் பொன்னிறம் வருகிறது. இன்னொரு வகையில் பூச்சே கிடையாது. மின்சாரம் பாய்ச்சி டைட்டேனியத்தின் மேலுள்ள ஒட்சைட்டுப் படலத்தைத் தடிக்கச் செய்கிறார்கள். படலத்தின் தடிப்பைப் பொறுத்து நீலம், பொன், இளஞ்சிவப்பு என நிறம் மாறும். துண்டைச் சரித்துப் பாருங்கள்: நிறம் சற்றே மாறினால் ஒட்சைட்டு, மாறாமல் நின்றால் நைட்ரைட். ஒட்சைட்டுப் படலம் மிக மெல்லியது, சுரண்டினால் நிறம் போய்விடும். நைட்ரைட் கடினமானது.

இந்த நிறம் எதற்கு? ஒளி முரசுக்குள்ளும் புகுந்து, அடியில் இருப்பதில் பட்டுத் திரும்புகிறது. அங்கே சாம்பல் நிற உலோகம் இருந்தால், பல்லோரம் கன்றிப்போனதுபோல் நீலம் பாரிக்கும். பொன்னும் இளஞ்சிவப்பும் அந்தக் குளிர்ச்சாயலைக் குறைக்கும்.

ஆகவே காசைப் பற்றி யோசிக்குமுன் முரசின் தடிப்பை அளக்கச் சொல்லுங்கள். 3 மில்லிமீட்டர் இருந்தால் அடியில் எந்த நிறம் இருந்தாலும் வெறுங்கண்ணுக்கு வேறுபாடு தெரிவது அரிது. வெறும் டைட்டேனியமே போதும், மேலதிகச் செலவு வீண். 2 மில்லிமீட்டர் அளவென்றால் சேர்கோனியாவுக்கே என் வாக்கு. அதிலும் மெல்லியதென்றால் சேர்கோனியாகூட ஓரளவு தெரியும். முரசைத் தடிப்பாக்கும் சிறு சத்திரசிகிச்சை பற்றி வைத்தியரிடம் கேளுங்கள்.

சேர்கோனியா எடுத்தால் அடித்தளம் டைட்டேனியத்தில் இருக்கட்டும். கடினமான சேர்கோனியா நேரே இம்ப்ளாண்டில் உரசினால் தேய்வது இம்ப்ளாண்ட்தான், அதை லேசில் மாற்ற முடியாது.

கிரவுணிலும் ஒரு சிக்கல் உண்டு. இட்ரியா (இட்ரியம் ஒட்சைட்டு) 5 மோல் சதவீதம் சேர்ந்த சேர்கோனியா ஒளியை நன்றாக ஊடுருவ விடும், அழகாயும் இருக்கும். ஆனால் 3 மோல் சதவீத வகையைவிட வலிமை குறைவு, கீழே உலோகம் இருந்தால் அதையும் காட்டிக்கொடுக்கும். வெறும் டைட்டேனியத்தின் மேல் அந்தக் கிரவுணைப் போட்டுவிட்டு, பல் மங்கலாயிருக்கிறதென்று லாப்காரரைக் குறைசொல்லிப் பயனில்லை.

பிறகு பல் சுத்தம் செய்யப் போகும்போது, இம்ப்ளாண்ட் இருப்பதை முதலே சொல்லிவிட வேண்டும். உருக்குக் கருவியால் சுரண்டக் கூடாது.

நிறம் பொருத்தும் நாளில் மகள் உதட்டுச்சாயம் பூசாமல் பகலில் போகட்டும். யன்னலோர வெளிச்சத்தில், வேலை தொடங்குமுன்பே நிறத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். வாயைத் திறந்தபடி சற்று நேரம் இருந்தாலே பல் உலர்ந்து, இருப்பதைவிட வெள்ளையாய்த் தெரியும்.