டவுனுக்குப் பக்கத்தில் மலிவு ஃபிளாட்: விலையை விடுங்கள், லெவியைக் கேளுங்கள்

கேள்வி: சாட்ஸ்வர்த்தில் அம்மா அப்பாவோடு இருக்கிறேன், வேலை டர்பன் டவுனில். டாக்ஸி மாறி மாறிப் போய்ச் சலித்துவிட்டது. எம்பேங்க்மென்ட் பக்கம் ஒரு படுக்கையறை ஃபிளாட் 4,20,000 ரேண்டுக்கு வருகிறது. கட்டடப் பராமரிப்புக்குக் கட்டும் லெவி மாதம் 3,400. ‘வீடு பெயர் மாறும்போது கட்டும் வரியான டிரான்ஸ்பர் டியூட்டி கிடையாது, லெவி கிளியரன்ஸ் சர்டிபிகேட்டும் வந்துவிடும். இன்னொருவர் காத்திருக்கிறார், இந்த வாரமே 20,000 கட்டிப் பிடித்துக்கொள்ளுங்கள்’ என்கிறார் ஏஜெண்ட். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள் தம்பி. ஏஜெண்டின் சொந்தக் கணக்கில் இந்த வாரம் என்ன, எந்த வாரமும் கட்டாதீர்கள். பணம் போக வேண்டிய இடம் பத்திரம் மாற்றித்தரும் வக்கீலின் டிரஸ்ட் கணக்கு. அதுவும் ஆஃபர் என்கிற விற்பனை ஒப்பந்தத்தில் இருதரப்பும் கையெழுத்துப் போட்ட பிறகு. கணக்கு எண் மின்னஞ்சலில் வந்தால் வக்கீல் அலுவலகத்துக்கு நீங்களே போன் போட்டுச் சரிபாருங்கள். அந்த மின்னஞ்சலில் இருக்கிற போன் எண்ணுக்கு அல்ல. முப்பது வருஷம் இந்தப் பத்திர வேலையில் இருந்தவன் சொல்கிறேன், ‘இன்னொருவர் காத்திருக்கிறார்’ என்ற அந்த இன்னொருவரை நான் ஒருநாளும் நேரில் பார்த்ததில்லை.

ஏஜெண்டிடம் ஃபிடெலிட்டி ஃபண்ட் சர்டிபிகேட், அதாவது அவருடைய தொழில் உரிமச் சான்று, கேளுங்கள். அது இல்லாதவருக்குத் தென்னாப்பிரிக்காவில் கமிஷன் வாங்கவே உரிமை கிடையாது. கேட்டதும் முகம் மாறினால் எழுந்து வந்துவிடுங்கள்.

டிரான்ஸ்பர் டியூட்டி இல்லை என்பது உண்மைதான். 2025 ஏப்ரல் முதல் 12,10,000 ரேண்ட் வரை அந்த வரி கிடையாது. ஆனால் வக்கீல் கட்டணமும் பாண்டு, அதாவது வீட்டுக் கடன், பதியும் செலவும் உங்கள் தலையில்தான். வரி இல்லை என்று சத்தமாகச் சொல்கிறவர்கள் இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். டவுனிலும் சவுத் பீச்சிலும் ஃபிளாட் விலை ஏன் இவ்வளவு இறங்கிக் கிடக்கிறது? பல கட்டடங்களின் பாடி கார்ப்பரேட், அதாவது வீட்டுக்காரர்கள் எல்லாரும் சேர்ந்த நிர்வாக அமைப்பு, நொடித்துப்போயிருக்கிறது. அங்கே பலர் லெவி கட்டுவதில்லை. கட்டுகிறவர்கள் கட்டாதவர்களுக்கும் சேர்த்துக் கட்டுகிறார்கள், அதனால் லெவி ஏறுகிறது. ஏறுவதைப் பார்த்துப் பயந்து விற்கிறார்கள், விலை இறங்குகிறது. பழைய கட்டடங்களில் தண்ணீர் பெரும்பாலும் ஒரே பெரிய மீட்டரில்தான் வரும். அந்த பில்லை பாடி கார்ப்பரேட் கட்டாவிட்டால், ஒழுங்காகக் கட்டிய உங்கள் வீட்டுக் குழாயும் வறண்டுபோகும். வாளியைத் தூக்கிக்கொண்டு ஏழு மாடி இறங்க வேண்டியதுதான், லிஃப்டும் ஓடாது.

அந்த லெவி கிளியரன்ஸ் சர்டிபிகேட்டை எல்லாரும் கட்டடத்துக்கே கிடைத்த நற்சான்று என்று நினைக்கிறார்கள். விற்பவருடைய யூனிட்டுக்குப் பாக்கி தீர்ந்தது, அவ்வளவுதான் அதன் பொருள். கட்டடத்துக்கு எவ்வளவு கடன், எத்தனை பேர் பாக்கி என்று அதில் ஒரு வரி இருக்காது. இந்தச் சட்டத்தை எழுதியவர்கள் வாங்குகிறவனை நினைத்துத்தான் எழுதினார்களா என்று எனக்கு இன்றும் சந்தேகம்.

ஆகவே மூன்று காகிதங்களைக் கேளுங்கள். ஆடிட் செய்த கடைசிக் கணக்கு, கடைசி ஆண்டுக் கூட்டத்தின் மினிட்ஸ், பத்து வருஷப் பராமரிப்புத் திட்டம். பெரிய பழுதுகளுக்குச் சேர்த்துவைக்கும் ரிசர்வ் ஃபண்டும் இந்தத் திட்டமும் இருந்தாக வேண்டும் என்று 2016 முதல் சட்டம் சொல்கிறது. எத்தனை கட்டடத்தில் இருக்கிறது என்று என்னைக் கேட்காதீர்கள். மினிட்ஸில் ‘ஸ்பெஷல் லெவி’ என்ற வார்த்தையைத் தேடுங்கள், மாத லெவிக்கு மேல் தனியாக வசூலிப்பது அது. லிஃப்டுக்கோ கூரைக்கோ போட்டிருந்தால், வீடு உங்கள் பெயருக்கு மாறிய நாளிலிருந்து மிச்சப் பங்கு உங்களுக்கு வந்து சேரும். கட்டடம் கோர்ட் நியமித்த அட்மினிஸ்ட்ரேட்டர் கையில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். விளம்பரத்தில் ‘ரொக்கம் மட்டும்’ என்றிருந்தால் பெரும்பாலும் பாங்க் அந்தக் கட்டடத்துக்குப் பாண்டு தர மறுக்கிறது என்று அர்த்தம். பாங்கே பயப்படுகிற இடத்தில் உங்களுக்கு என்ன வேலை?

ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். அம்பிலோவில் 6,00,000 ரேண்ட் ஃபிளாட், லெவி 1,600 என்று வையுங்கள். வித்தியாசம் மாதம் 1,800. பத்து வருஷத்தில் 2,16,000. மலிவு என்று வாங்கியதில் மிச்சம் பிடித்த 1,80,000 அதிலேயே போய்விடுகிறது. க்ளென்வுட், ஓவர்போர்ட் பக்கமும் தேடுங்கள். டவுன் அங்கிருந்து ஒன்றும் தூரமில்லை.

அப்புறம், ‘கையெழுத்துப் போட்டாலும் ஐந்து நாளில் ரத்து செய்யலாமே’ என்று யாராவது உங்களிடம் சொல்வார்கள். கவனமாகக் கேளுங்கள். அந்த உரிமை விலை 2,50,000 ரேண்ட் அல்லது அதற்குக் கீழே இருந்தால் மட்டும். கம்பெனி பெயரில் இல்லாமல் தனி ஆளாக வாங்கினால் மட்டும். பொது ஏலத்தில் எடுத்தால் இல்லை. சனி, ஞாயிறு, அரசு விடுமுறை நீங்கலாக ஐந்து நாள். வாயால் சொன்னால் போதாது, எழுதிக் கையெழுத்துப் போட்டு விற்பவரிடமோ ஏஜெண்டிடமோ சேர்க்க வேண்டும், நிபந்தனை எதுவும் போடக்கூடாது. அந்த 2,50,000-இல் ஒரு காலத்தில் நல்ல வீடு வாங்கலாம், இன்று அது நடக்காது. தொகையை உயர்த்த யாருக்கும் நேரமில்லை போலிருக்கிறது. உங்கள் 4,20,000-க்கு அந்த ஐந்து நாள் கிடையாது, போட்ட கையெழுத்து போட்டதுதான்.

அதனால் ஆஃபரிலேயே இரண்டு நிபந்தனை எழுதச் சொல்லுங்கள்: இந்தத் தேதிக்குள் பாண்டு கிடைத்தால்தான், அந்த மூன்று காகிதமும் எனக்குத் திருப்தியாக இருந்தால்தான். உள்ளே வாடகைக்காரர் இருந்தால், அவர் காலி செய்த பிறகு பேசலாம் என்று சொல்லிவிடுங்கள். அவரை வெளியேற்ற கோர்ட் உத்தரவு வேண்டும், அது உங்கள் வயதைத் தின்னும்.

ஏஜெண்ட் இல்லாமல் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அந்தக் கட்டடத்துக்குப் போய், வாசலில் நிற்கும் செக்யூரிட்டியிடம் கடைசியாகத் தண்ணீர் எப்போது நின்றது என்று கேளுங்கள். லிஃப்ட் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருக்கும் நோட்டீஸ்களையும் போனில் படம் எடுத்துக்கொண்டு வாருங்கள்.