சீனியர் ஒரு பக்கம், ஜூனியர் ஒரு பக்கம்

கேள்வி: வண்ணார்பேட்டையில் ஒரு விற்பனை நிறுவனத்தில் 30 பேருக்கு நான் பொறுப்பு. பாதிப் பேர் பத்து வருடமாக இருப்பவர்கள், மீதிப் பேர் போன வருடம் சேர்ந்த பிள்ளைகள். இரண்டு கோஷ்டியும் சேர்ந்து சாப்பிடக்கூட மாட்டார்கள். போன சீசனுக்கு எல்லோரையும் குற்றாலம் கூட்டிப்போய், சீனியர்–ஜூனியர் கிரிக்கெட்டும் வைத்தோம். வந்த பிறகு இருந்த பேச்சும் குறைந்துவிட்டது. இப்போது முதலாளி ஒரு நாள் ‘டீம் பில்டிங்’ நடத்தச் சொல்கிறார். என்ன விளையாட்டு வைக்கலாம்?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: விளையாட்டு அப்புறம். முதலில் அந்தக் கிரிக்கெட்டுக்கு வருவோம். ஏற்கெனவே இரண்டாக நிற்பவர்களை அதே இரண்டு அணியாக்கி மோதவிட்டால் வேறென்ன நடக்கும்?

1954இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் முசாஃபர் ஷெரிஃப் என்ற உளவியலாளர் 22 பையன்களைக் கோடை முகாமுக்கு அழைத்துப்போய், இரண்டு குழுவாக்கிப் போட்டிகள் வைத்தார். சில நாளிலேயே ஒருவர் கொடியை ஒருவர் எரிக்கும் அளவுக்குப் பகை வந்துவிட்டது. சேர்ந்து சாப்பிட வைத்துப் பார்த்தார். பையன்கள் சாப்பாட்டை வாரி எறிந்துகொண்டார்கள். பிறகு முகாமின் குடிதண்ணீர் நிற்கும்படி செய்தார். சாப்பாடு வாங்கப் போக வேண்டிய லாரி கிளம்பாமல் நின்றது. முன்பு எதிரெதிரே நின்று இழுத்த அதே கயிற்றை லாரியில் கட்டி, எல்லோரும் ஒரே பக்கம் நின்று இழுத்தார்கள். இப்படிச் சில வேலைகள் சேர்ந்து செய்த பிறகுதான் பகை தணிந்தது.

நெல்லையப்பர் தேரைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. வடத்தைப் பிடித்த பிறகு பக்கத்தில் நிற்பவர் யாரென்று விசாரிக்க நேரம் ஏது? பின்னால் தடி போடுபவரும் சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பவரும் இல்லாவிட்டால், முன்னால் எத்தனை பேர் இழுத்தும் பயனில்லை.

உங்கள் அலுவலகத்தில் அந்தத் தேர் எது? எல்லோருக்கும் தலைவலியாக இருக்கும் ஒரு வேலையை எடுங்கள். வராத பாக்கி வசூல் என்று வைத்துக்கொள்வோம். எந்தக் கடைக்காரர் எப்போது கொடுப்பார், யாரிடம் எப்படிக் கேட்க வேண்டும் என்பது பழையவர்களுக்குத் தெரியும். கம்ப்யூட்டரில் மூன்று வருடக் கணக்கை ஐந்து நிமிடத்தில் எடுப்பது புதியவர்களுக்குக் கைவந்தது. பழையவர் ஒருவர், புதியவர் ஒருவர் என்று ஜோடி சேருங்கள். ஜோடியை நீங்களே முடிவு செய்யுங்கள். அவர்களிடம் விட்டால் பழைய கோஷ்டிதான் திரும்ப உருவாகும். இரண்டு வாரம் கொடுங்கள், அதுவும் வேலை நேரத்துக்குள். ஞாயிற்றுக்கிழமையைப் பிடுங்கிக்கொண்டு ஒற்றுமையை வளர்க்க முடியாது.

குற்றாலத்தைப் பற்றியும் ஒன்று கேட்கிறேன். ஆண்கள் அருவியில் நின்றபோது பைகளுக்குக் காவல் இருந்தது யார்? பெண்கள்தானே? ஒரு பாதி ரசிக்க, மறுபாதி காவல் காப்பதற்கு உல்லாசப் பயணம் என்று பெயர் வைக்க வேண்டாம்.

அறிமுக விளையாட்டு என்று வெளியூர்ப் பயிற்சியாளர் யாராவது, “உங்கள் ஊர் எது, எந்தத் தெரு?” என்று ஆரம்பித்தால் உடனே நிறுத்துங்கள். நம் பக்கத்தில் அந்தக் கேள்வி எதற்கென்று எல்லோருக்கும் தெரியும். “முதல் சம்பளத்தில் என்ன வாங்கினீர்கள்?” என்று கேட்கச் சொல்லுங்கள், போதும்.

நான் வேலை பார்த்த இடத்திலும் ஒருமுறை கண்ணைக் கட்டிக்கொண்டு பின்னால் சாயச் சொன்னார்கள். சக ஊழியர் தாங்கிப் பிடிப்பாராம், நம்பிக்கை வளருமாம். கணக்குப் பிரிவு அண்ணாச்சி சாய்ந்தார். பிடிக்க வேண்டியவர் செல்போனில் இருந்தார். அண்ணாச்சிக்குப் பத்து நாள் மருத்துவ விடுப்பு.

முதலாளி ஒதுக்கிய பணத்தை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். வசூல் வேலை முடிந்த மறுநாள் மதியம் அலுவலகத்திலேயே சொதிச் சாப்பாடு போடுங்கள், இஞ்சித் துவையலோடு. சைவம் என்பதால் யாருக்கும் தடங்கல் இல்லை. இலை போடுவதும் பரிமாறுவதும் அந்த ஜோடிகளே செய்யட்டும். நீங்களும் ஒரு வாளியைத் தூக்குங்கள்.