அரிசியில் ஒரு வண்டு, மைதாவில் ஒரு வண்டு

கேள்வி: அரிசி டப்பாவில் கறுப்பாகவும் மைதா டப்பாவில் சிவப்பாகவும் வண்டு. அரிசி வண்டுதான் மைதாவைத் தின்று நிறம் மாறிவிட்டது என்கிறார் மாமியார். நிஜமா? எத்தனை முறை புடைத்தாலும் அரிசியில் திரும்ப வருகிறதே, ஏன்?
- ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், இரண்டும் வேறு வேறு இனம். நிறத்தை விடுங்கள், மூக்கைப் பாருங்கள். அரிசிக் கூன்வண்டுக்கு முகத்தில் நீளமான மூக்கு, அதன் நுனியில்தான் வாய். பெண் வண்டு அதை வைத்து அரிசியில் ஓட்டை போட்டு, ஒரு முட்டையை உள்ளே வைத்து, பசை மாதிரி ஒன்றால் அடைத்துவிடும். காலே இல்லாத புழு அந்த ஒரு அரிசிக்குள்ளேயே தின்று வளர்ந்து வண்டாகித்தான் வெளியே வரும், நம்ம ஊர் வெக்கையில் இதற்கு ஒரு மாதம் போதும். முறத்தில் நீங்கள் தள்ளுவது வெளியே வந்ததை மட்டும்தான், உள்ளே இருப்பது அப்படியே இருக்கிறது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. கெட்டியான ஓட்டுக்கு வேண்டிய அமினோ அமிலம் அரிசியில் போதாது. வண்டின் உடம்புக்குள் குடியிருக்கும் பாக்டீரியா அதைத் தயாரித்துக் கொடுக்கிறது. ஓடு இறுகியதும், காரியம் முடிந்த வீட்டுக்காரர் மாதிரி, குடலில் இருக்கும் பாக்டீரியாவை வண்டே காலி செய்துவிடுகிறது!

மைதாவில் இருப்பது சிவப்பு மாவு வண்டு. மூக்கு கிடையாது, தட்டை உடம்பு. முழு அரிசியைத் துளைக்க வராது. மாவு, ரவை, நொய் என்றால் சரி. இதன் புழுவுக்குக் கால் உண்டு, மாவுக்குள் தாராளமாக ஊர்ந்து போகும். முட்டை பிசுபிசுப்பாக இருப்பதால் மேலே மாவு ஒட்டி, கண்ணுக்கே தெரியாது. சொட்டுத் தண்ணீர் இல்லாத மாவில் எப்படிப் பிழைக்கிறது என்றால், கழிவில் இருக்கும் ஈரத்தைக்கூட விடாமல் உடம்புக்குள் திரும்ப இழுத்துக்கொள்கிறது. கூட்டம் அதிகமானால் குயினோன் என்ற பொருளை வெளியே விடும், மாவு லேசாகச் சிவந்து நெடி அடிக்கும். அந்த மாவைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

அரிசியை நான்கு நாள் ஃப்ரீசரில் வைத்தால் உள்ளே இருக்கும் புழுவும் சாகும். இடம் இல்லையென்றால் கொஞ்சம் கொஞ்சமாக வாங்குங்கள். அப்புறம், டப்பா அடியில் தங்கும் பொடியைத் துடைக்காமல் புது அரிசியைக் கொட்டாதீர்கள். கூன்வண்டு தின்று உதிர்த்த அந்தப் பொடிக்குத்தான் சிவப்பு வண்டு அரிசி டப்பாவுக்கும் வரும்.