சாலிஃப் கெய்தா: பாடக் கூடாத குலத்தில் பிறந்த பாடகர் – கேள்வி பதில்

மாலி நாட்டுப் பாடகர் சாலிஃப் கெய்தாவைப் பற்றிப் பலர் கேட்ட கேள்விகளுக்கு, மேற்கு ஆப்பிரிக்க இசையை நெடுநாளாகக் கேட்டு வரும் ரசிகர் ஒருவர் அளித்த பதில்கள்.

கேள்வி: இவர் அரச வம்சத்தவர் என்றும், பாடியதற்காக வீட்டார் பகைத்துக்கொண்டனர் என்றும் படித்தேன். அவர்களுக்கு இசை அவ்வளவு ஆகாததா?

பதில்: இசை ஆகாததன்று, கேட்பது அவர்கள் உரிமை, பாடுவது அவர்கள் வேலையன்று என்பதே வழக்கம். 1949 ஆகஸ்ட் 25 அன்று ஜோலிபா என்னும் ஊரில் பிறந்த கெய்தாவின் குடும்பம், 13ஆம் நூற்றாண்டில் மாலிப் பேரரசை நிறுவிய சுந்தியாத்தா கெய்தாவின் வழிவந்ததாக மதிக்கப்படுவது. மாலியையும் அண்டை நாடுகளையும் சேர்ந்த மாந்தே சமூகத்தில் 'ஹோரோன்' எனப்படும் உயர்குடியினரின் வரலாற்றையும் புகழையும் நினைவில் வைத்துப் பாடுவது 'ஜெலி' என்னும் பரம்பரையினரின் தொழில். பிரெஞ்சு மொழி வழியாக 'கிரியோ' என்று உலகம் அறிந்தவர்கள் இவர்களே. ஹோரோன் கொடுப்பவர், ஜெலி பெறுபவர். எனவே கெய்தா மேடையேறியது, கொடுக்க வேண்டிய கை வாங்க நீண்டதைப் போன்ற இழிவாகக் குடும்பத்தாருக்குப் பட்டது. வறுமையை வென்ற கலைஞர் என்று இவரை எழுதுகிறவர்கள் இந்த இடத்தைத் தவறவிடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

கேள்வி: ஆசிரியராக வேண்டும் என்று ஆசைப்பட்டவராமே?

பதில்: ஆம். நிறமியின்மையோடு, அதாவது அல்பினிசத்தோடு பிறந்ததால் கண்பார்வை மங்கலாக இருந்தது. அதுவே ஆசிரியப் பணிக்குத் தடையாயிற்று. 1967இல் தலைநகர் பாமாக்கோவுக்கு வந்து மதுக்கூடங்களில் பாடத் தொடங்கினார்.

கேள்வி: ரயில்வே நிர்வாகமே இசைக்குழு வைத்திருந்தது என்பது கட்டுக்கதைதானே?

பதில்: இல்லை, உண்மையே. மாலி ரயில்வேயின் ஆதரவில் 1970இல் உருவான 'ரயில் பேண்ட்', பாமாக்கோ ரயில் நிலையத்தை ஒட்டிய விடுதியில் வாசித்தது. கெய்தா அதில் பாடகராக இருந்தார். கியூபா நாட்டு நடன இசையில் ஊறியிருந்த அன்றைய நகரத்துக் காதுகளுக்கு, பழைய மாந்தே காவியப் பாடல்களை மின்கிதாரிலும் சாக்சபோனிலும் அது கொடுத்தது. 1973இல் கெய்தா போட்டிக் குழுவான 'லெஸ் அம்பாசதேர்'க்கு மாறியபின் ரயில் பேண்டின் முதன்மைப் பாடகரான மோரி கான்ட்டே, ஜெலி குலத்தில் பிறந்தவர். இருவரையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள்: கான்ட்டேயிடம் பரம்பரைப் பயிற்சியின் லாவகம், கெய்தாவிடம் தடையை மீறுகிறவரின் வீறு.

கேள்வி: 'மாஞ்சு' பாடல் ஒரு கொடுங்கோலரைப் புகழ்வது என்று தெரிந்தபின் அதைக் கேட்க மனம் ஒப்பவில்லை. நீங்கள் எப்படிக் கேட்கிறீர்கள்?

பதில்: சங்கடத்தோடுதான் கேட்கிறேன். கினியாவின் அதிபர் செக்கு தூரே 1977இல் கெய்தாவுக்கு நாட்டின் விருதை வழங்கினார். அதற்கு நன்றியாக எழுந்ததே 'மாஞ்சு'. அதே 1977இல்தான், ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பின் முதல் பொதுச் செயலாளராக இருந்த தியாலோ தெல்லி, தூரேயின் பொய்ரோ சிறைமுகாமில் இறந்தார். பிரான்சுக்கு 1958இல் 'வேண்டாம்' என்று சொல்லி விடுதலை பெற்ற தலைவராகவே தூரேயை அந்நாளில் பல ஆப்பிரிக்கர் கண்டனர் என்பதும் உண்மைதான். ஆனால் அது அந்தச் சிறையை மறைத்துவிடாது. இன்னொரு முரணும் உண்டு. பாடவே கூடாத ஹோரோன் ஒருவர், ஜெலிக்கே உரிய புகழ்ப்பாடல் வடிவத்தை எடுத்துக்கொண்டு, ஓர் ஆட்சியாளருக்காகப் பாடி, அதனாலேயே மேற்கு ஆப்பிரிக்கா எங்கும் பெயர் பெற்றார். அவ்வகையில் குல எல்லையை அவர் மிகத் தீவிரமாகத் தாண்டியது இந்தப் பாடலில்தான்.

கேள்வி: எந்த இசைத்தொகுப்பிலிருந்து தொடங்கலாம்?

பதில்: 2002இல் வந்த 'மோஃபு'. கிதாரும் தாளக்கருவிகளும் குரலுக்கு வழிவிட்டு நிற்கும். கேப் வெர்டேயின் செசாரியா எவோராவோடு பாடிய 'யமோரே'வும் அதில் உண்டு. பிறகு, பாரிசில் குடியேறியபின் 1987இல் வெளியிட்ட 'சோரோ'. உலகப் புகழைத் தந்தது அதுவே என்றாலும், அக்காலத்து சிந்தசைசர் ஒலி சிலருக்குத் திகட்டும். எனக்கும் சில இடங்களில் திகட்டுகிறது.

கேள்வி: தன் தோல் நிறத்தைப் பற்றி அவர் பாடியிருக்கிறாரா?

பதில்: வெளிப்படையாகவே பாடியிருக்கிறார். 2009இல் வந்த 'லா திஃபெரான்ஸ்' தொகுப்பின் தலைப்புப் பாடலில், தான் கறுப்பினத்தவன், தன் தோலோ வெள்ளை என்றும், அந்த வேறுபாடே தனக்கு விருப்பம் என்றும் சொல்கிறார். உடல் உறுப்புகளுக்கு மந்திர ஆற்றல் உண்டென்ற மூடநம்பிக்கையால் அல்பினிசம் உள்ளவர்கள் கொல்லப்படும் சூழலில் இது வெறும் தன்வரலாறு அன்று. மாலியின் ஃபானா ஊரில் அத்தகைய சிறுமி ஒருத்தி 2018இல் கொலையுண்டபின், அவ்வாண்டு நவம்பரில் அங்கேயே சென்று அவர் நிகழ்ச்சி நடத்தினார்.

கேள்வி: இப்போது ஓய்வு பெற்றுவிட்டாரா?

பதில்: 2018இல் வந்த 'அன் ஓத்ர் பிளான்' தான் கடைசித் தொகுப்பு என்று அறிவித்தார். இடையே மாலியின் ராணுவ ஆட்சி அமைத்த இடைக்காலப் பேரவையில் உறுப்பினராக இருந்து 2023இல் விலகினார். அதன்பின் அந்த ஆட்சியின் தலைவருக்கே ஆலோசகரானார். ஓய்வு என்ற பேச்சோ நிலைக்கவில்லை: 2025இல் 'சோ கோனோ' வந்தது. ஏறக்குறைய குரலும் கிதாரும் மட்டுமே அதில்; கிதாரை வாசிப்பவரும் அவரே.