பிசிக்ஸ்க்கு மட்டும் ஒரு சார் போதும், நிலத்தை ஒத்திக்கு விட வேணாம்

கேள்வி: அக்கா, நீடாமங்கலம் பக்கம் கிராமம். ஆறாவதுல இருந்து பிளஸ் டூ வரைக்கும் கவர்மென்ட் ஸ்கூல், தமிழ் மீடியம். நீட்ல 268 தான். 72 தப்பு, நெகட்டிவ் மார்க்லயே போயிடுச்சு. அப்பா ரெண்டு மா நிலத்தை ஒத்திக்கு விட்டு நாமக்கல் ஹாஸ்டல் கோச்சிங்ல ஒன்றரை லட்சம் கட்டலாம்ங்கிறார். எனக்கு வீட்லயே படிக்கலாம்னு தோணுது. ஆனா பாட்டி படுத்த படுக்கை, அம்மா நடவுக்குப் போயிட்டா சமையல் நான்தான். என்ன பண்ணட்டும்? (பயாலஜில 58 சரி 24 தப்பு, கெமிஸ்ட்ரில 17 சரி 22 தப்பு, பிசிக்ஸ்ல 10 சரி 26 தப்பு.)

பதில்: தங்கச்சி, அந்த அடைப்புக்குறிக்குள்ள எழுதின ஒரு வரிதான் உன் லெட்டர்லயே முக்கியமான விஷயம், நீ அதைக் கடைசியில போட்டுட்டு நெகட்டிவ் மார்க்க திட்டிட்டு இருக்க.

கணக்கு போட்டுப் பாரு. சரிக்கு 4, தப்புக்கு மைனஸ் 1, நாலு ஆப்ஷன். பிசிக்ஸ்ல நீ 36 கேள்விக்கு ஷேட் பண்ணிருக்க, வந்தது 14 மார்க். கேள்வியே படிக்காம கண்ணை மூடிட்டு 36-ஐயும் ஷேட் பண்ணிருந்தா சராசரியா 9 சரி 27 தப்பு, அதாவது 9 மார்க். ஒரு வருஷம் படிச்ச பிசிக்ஸ்க்கும் கண்ணை மூடினதுக்கும் நடுவுல 5 மார்க்தான் வித்தியாசம், கோவிச்சுக்காத, உனக்கு அந்த பாடம் இன்னும் யாரும் சொல்லிக் குடுக்கலைன்னுதான் இதுக்கு அர்த்தம். பயாலஜில 208 எடுத்த புள்ளைக்கு படிப்பு வரலன்னு யாரு சொல்லுவா?

அதனால வீடா நாமக்கல்லாங்கிறதே தப்பான கேள்வின்னு நினைக்கிறேன். ஹாஸ்டல் கோச்சிங்ல மூணு பாடமும் எல்லாருக்கும் ஒரே வேகத்துல ஓடும், உனக்கு ஏற்கனவே வர்ற பயாலஜிக்கும் சேர்த்துதான் அப்பா காசு கட்டுவார். பெரும்பாலும் கிளாஸ் இங்கிலீஷ்ல இருக்கும், தமிழ் மீடியம் பேட்ச் தனியா உண்டான்னு கேட்காம யாரும் பணம் கட்டக்கூடாது. என் அக்கா பையன் இப்படித்தான் ஒரு இடத்துக்குப் போனான், தீபாவளிக்கு வந்தவன் பெட்டியோட வந்தான், பாதி கிளாஸ் புரியலன்னு அதுவரைக்கும் யாருகிட்டயும் சொல்லல, கட்டின பணத்துல ஒரு ரூபா திரும்பி வரல.

நான் என்ன சொல்வேன்னா, மன்னார்குடியிலயோ தஞ்சாவூர்லயோ நல்லா நடத்துற ஒரு பிசிக்ஸ் சாரைப் புடி. ஸ்கூல்ல ரிட்டயர் ஆனவரா இருந்தா ரொம்ப நல்லது, அவங்களுக்குத் தமிழ்ல சொல்லிக் குடுக்கத் தெரியும். வாரம் மூணு நாள் போதும். முதல் மாசம் ரெண்டே பாடம், பிளஸ் ஒன் இயக்க விதிகள், பிளஸ் டூ மின்னோட்டவியல். ரெண்டும் முடிஞ்சதும் பழைய நீட் பேப்பர்ல அந்தப் பாடத்துக் கேள்வியெல்லாம் தேடி எடுத்துப் போடு. பாதிக்கு மேல சரியா வந்தா அதே சார்கிட்ட தொடரு, வரலைன்னா அப்ப உக்காந்து வேற யோசிப்போம், நிலம் எங்கயும் ஓடிடாது.

பயாலஜி நீயே படி. நம்ம ஸ்கூல் புக்கோட பக்கத்துல என்சிஇஆர்டி புக் (சிபிஎஸ்இ ஸ்கூல்ல நடத்துற புக்) பழசு ஒண்ணு வச்சுக்க, நிறைய கேள்வி அதுல இருக்கிற வரியை அப்படியே தூக்கிப் போட்டதுதான். கெமிஸ்ட்ரிக்கும் அதே. தமிழ்னு அப்ளிகேஷன்ல போட்டா பேப்பர்ல ரெண்டு மொழியும் இருக்கும், மொழிபெயர்ப்புல சந்தேகம் வந்தா இங்கிலீஷ்ல இருக்கிறதுதான் செல்லும், அதனால டெர்ம் எல்லாம் ரெண்டுலயும் தெரிஞ்சிருக்கணும். யூட்யூப் கிளாஸை மட்டும் நம்பாத. ஐப்பசி கார்த்திகை மழையில நம்ம பக்கம் கரண்டும் டவரும் என்ன லட்சணத்துல இருக்கும்னு நான் சொல்லணுமா, புக்கும் நோட்டும்தான் அப்ப கைகுடுக்கும்.

இந்தப் பாராவை அப்பாகிட்ட குடு. அண்ணே, ரெண்டு மா நிலத்தையே விடத் துணிஞ்சிட்டீங்க, உங்க மனசு புரியுது. ஆனா இந்தப் புள்ளைக்கு இப்ப காசை விட நேரம்தான் வேணும். காலையில 9 மணியில இருந்து 4 மணி வரைக்கும் அவளை யாரும் கூப்பிடக்கூடாது, சமையலுக்கும் சரி பாட்டிக்கும் சரி. குறுவை, சம்பா நடவு நாள்ல ஒரு சமையல் ஆளை வைங்க, கோச்சிங் பீஸ்ல கால்வாசி கூட ஆகாது. வீட்ல முடியாதுன்னா ஊர் நூலகத்துக்கு அனுப்புங்க. இதுவும் முடியாதுன்னா மட்டும் ஹாஸ்டல் பத்தி யோசிங்க, ஏன்னா அப்ப ஹாஸ்டல் குடுக்கிறது படிப்பை இல்ல, தனியா ஒரு மேசையை.

இன்னொண்ணு, நீ எழுதவே இல்ல, தெரியுமான்னும் தெரியல. ஆறுல இருந்து பன்னெண்டு வரைக்கும் கவர்மென்ட் ஸ்கூல்ல படிச்சவங்களுக்கு மெடிக்கல் சீட்ல 2020-ல சட்டம் போட்டுக் குடுத்த 7.5 சதவீத ஒதுக்கீடு ரிப்பீட்டருக்கும் உண்டு. சீட் கிடைச்சா பீஸும் ஹாஸ்டலும் அரசாங்கமே பாத்துக்கும். பொது லிஸ்ட் கட் ஆஃபைப் பாத்துப் பயந்துட்டு இருக்காத, உன் போட்டி அந்த ஒதுக்கீட்டு லிஸ்ட்ல இருக்கிறவங்களோட. நடுவுல ஸ்கூல் மாறியிருந்தா ரெண்டு ஸ்கூல்லயும் படிச்சதுக்கான சான்றிதழை இப்பவே வாங்கி வை.

பொங்கல் முடிஞ்சதும் ஒரு டெஸ்ட் சீரிஸ் சேரு, அது கொஞ்ச காசுதான். ஓஎம்ஆர் ஷீட்ல பேனாவால ஷேட் பண்ணி எழுது, போன்ல தட்டிப் பழகாத. 180 கேள்வி, 180 நிமிஷம். ஞாயித்துக்கிழமை மதியம் 2-ல இருந்து 5 வரைக்கும் எழுது, நிஜ பரீட்சையும் அந்த நேரத்துலதான், நல்லா சாப்பிட்டுட்டு மே மாச வெயில்ல உக்காந்தா கண்ணு சொக்கும். டெஸ்ட் அன்னைக்கு மட்டும் சோத்தைக் குறைச்சுக்க.