வாசகர் கேள்வி: பிச்சாவரத்தில் வலசைப் பறவைகள்

கே: ஐப்பசியில் பிச்சாவரம் தீவுத்திட்டுகளில் வலசைப் பறவைகளைப் பார்க்க எந்த நேரம் நல்லது? எந்தத் தொலைநோக்கி வேண்டும்? (கடலூர் வாசகி)

ப: கடல் ஓதத்தில் நீர் வற்றி, மீண்டும் ஏறத் தொடங்கும் நேரம்தான் நல்லது. முழு வற்றத்தில் சேற்றுத்திட்டெங்கும் சிதறி மேயும் பறவைகளை, ஏறும் நீர் கரைப்பக்கம் ஒதுக்கும். மழைவெள்ளம் வந்தால் சேறே மூழ்கிவிடும்; ஆகவே மழை ஓய்ந்து சில நாள் கழித்துப் போங்கள். சூரியன் முதுகுப்பக்கம் இருக்கட்டும்.

8x42 தொலைநோக்கி (8 மடங்கு பெருக்கம், 42 மி.மீ. முன்வில்லை) போதும். 10 மடங்கு என்றால் படகு ஆட்டத்தில் காட்சி நடுங்கும். ஏசி அறையிலிருந்து எடுத்ததும் கண்ணாடியில் பனி படியும். அரைமணி முன்பே பையோடு வெளியே வையுங்கள்.

இப்பருவத்தில் பல கரைப்பறவைகள் இனப்பெருக்க வண்ணம் இழந்து சாம்பல் பழுப்பாகிவிடும். நிறத்தை நம்பாதீர்கள், அலகு, கால், நடை பாருங்கள். வளைந்த அலகும் தலையில் பட்டைக்கோடுகளும் இருந்தால் சின்னக் கோட்டான் (Whimbrel; ஆந்தை அல்ல, கரைப்பறவை). தயவுசெய்து படகை நெருக்கச் சொல்லாதீர்கள். நெடும்பயணம் வந்த பறவைக்கு மேய்ச்சல்நேரம் முக்கியம்.