பழைய காரின் பெயின்ட்டை உரிக்கலாமா?

கேள்வி: அப்பா ஓட்டிய கார் பல வருஷமாக ஷெட்டில் நிற்கிறது. ஒரிஜினல் தன்மை கெடாமல் வீட்டிலேயே சரிசெய்ய ஆசை. பெயின்ட்டை மொத்தமாக உரித்துப் புதிதாக அடிக்கச் சொல்கிறார்களே, செய்யலாமா?

பதில்: தயவுசெய்து உரிக்காதீர்கள். தொழிற்சாலையில் அடித்த பூச்சு போனால் போனதுதான். சோப்புத் தண்ணீரில் கழுவி, நிழலில் காயவிடுங்கள். அப்புறம் கண்ணில் படாத ஓர் இடத்தில், மெல்லிய துணியில் கொஞ்சம் பாலிஷ் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். துணியில் காரின் நிறமே ஒட்டினால் பயப்படாதீர்கள். பழைய பெயின்ட்டின் மேல் பெரும்பாலும் கிளியர் கோட் என்ற நிறமற்ற பாதுகாப்புப் பூச்சு கிடையாது. வெளுத்துப்போன மேல்படலம்தான் வருகிறது. அடியிலிருந்து அந்தக் காலத்து நிறம் மெல்லத் தலைகாட்டுவதைப் பார்ப்பதே தனி சந்தோஷம்! பெயின்ட்டுக்கு அடியில் இருக்கும் பிரைமர் பூச்சு தெரிய ஆரம்பித்தால் உடனே நிறுத்திவிடுங்கள். துருவேறிய இடத்தை மட்டும் சுரண்டி டச்-அப் செய்தால் போதும். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். அதனால் உலர்வாகத் தேய்க்காமல் தண்ணீர் விட்டுத் தேயுங்கள், மாஸ்க் அவசியம்.

சாவியைத் திருப்பிப் பார்க்கும் ஆசையையும் அடக்குங்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் சில சொட்டு ஆயில் விட்டு ஊறவைத்து, முதலில் இன்ஜினைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும்.

பிரேக் விஷயத்தில் மட்டும் ஒரிஜினல் என்ற பேச்சே வேண்டாம். ஹோஸ், ரப்பர் சீல், டயர் எல்லாம் புதிதாகவே இருக்கட்டும். கழற்றிய மற்ற பாகங்களைத் தூக்கிப் போடாமல் சீட்டு எழுதி ஒட்டி வையுங்கள். இன்ஜின் எண், சாஸி எண் பொறித்த இடத்தில் உப்புத்தாள் படவே கூடாது.